சென்னை எலெக்ட்ரிக் ட்ரெயின்: எல்லோரும் கேட்கிற கேள்விகள்

குரோம்பேட்டையில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்குகிற ஆள் நான். இருபத்தைந்து வருடமாகப் பையில் சீசன் டிக்கெட் இருக்கிறது. ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், ஆபீஸில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகள், பக்கத்து வீட்டு மாமா என்று கேட்பவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதிவைத்திருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

எலெக்ட்ரிக் ட்ரெயின், பறக்கும் ரயில், மெட்ரோ எல்லாம் ஒண்ணுதானே?

மூன்றும் வேறு வேறு. எலெக்ட்ரிக் ட்ரெயின் என்று நாம் சொல்வது புறநகர் ரயில். எக்ஸ்பிரஸ் வண்டிகள் போகிற அதே தடத்தை ஒட்டித் தரையில் ஓடுகிறது, நடத்துவது தெற்கு ரயில்வே. பறக்கும் ரயில் என்பது பீச்சிலிருந்து மயிலாப்பூர் வழியாக வேளச்சேரி போகும் எம்.ஆர்.டி.எஸ். அதில் பெரும்பகுதி தூண்களுக்கு மேல். ஓடும் பெட்டிகள் புறநகர் வண்டியின் பெட்டிகளே, டிக்கெட்டும் அதே கவுன்டரில்தான்.

மெட்ரோ 2015 ஜூனில் கோயம்பேடு–ஆலந்தூர் இடையே ஓடத் தொடங்கியது. அது தனி நிறுவனம், தனித் தண்டவாளம், தனிக் கட்டணம். இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் பாதிக் குழப்பங்களுக்கு இதுதான் வேர். யாரும் உட்கார்ந்து "சென்னைக்கு ஒரு உள்ளூர் ரயில் வேண்டும்" என்று மொத்தமாகத் திட்டம் போட்டுக் கட்டவில்லை. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கைகள் போட்ட தடங்கள் இவை. நாம்தான் ஒன்றாக நினைத்துக்கொள்கிறோம்.

மொத்தம் எத்தனை லைன், எது எங்கே போகும்?

தெற்கே போவது பீச்–தாம்பரம்–செங்கல்பட்டு, சில வண்டிகள் அதைத் தாண்டி காஞ்சிபுரம், திருமால்பூர் வரைகூடப் போகும். மேற்கே சென்ட்ரலிலிருந்து ஆவடி, திருவள்ளூர் வழியாக அரக்கோணம், திருத்தணி. வடக்கே சென்ட்ரலிலிருந்து எண்ணூர், கும்மிடிப்பூண்டி, அப்புறம் சூலூர்பேட்டை. இவற்றோடு பறக்கும் ரயில்.

சூலூர்பேட்டை ஆந்திரா ஆச்சே? அங்கே எப்படி லோக்கல் வண்டி?

ஆமாம், ஆந்திராதான். ரயில்வேக்கு மாநில எல்லை ஒரு பொருட்டில்லை. ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளத்துக்கு ரயிலில் போகிறவர்கள் இறங்குகிற ஊர் அது. சென்ட்ரலிலிருந்து சுமார் 83 கிலோமீட்டர்.

சென்ட்ரல்னு சொன்னாங்க, பார்க்னு சொன்னாங்க, பார்க் டவுன்னு போர்டு இருக்கு. நான் எதுல இறங்கணும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், என் மாமியாரே இரண்டு முறை கேட்டிருக்கிறார். தாம்பரம் பக்கமிருந்து வந்து சென்ட்ரல் போக வேண்டுமென்றால் பார்க்கில் இறங்குங்கள். ஈ.வெ.ரா. சாலைக்கு அடியிலுள்ள சுரங்கப்பாதையில் நடந்து ஏறினால் சென்ட்ரல். வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் வருகிறவர்களுக்கு அதே இடம் பார்க் டவுன். பெயர் ஏறக்குறைய ஒன்று, கொஞ்சம் தள்ளி ஜி.எச். (அரசு பொது மருத்துவமனை) பக்கமாக இருக்கிறது.

இன்னொன்று: ஆவடி, கும்மிடிப்பூண்டி வண்டிகள் சென்ட்ரலின் சிவப்புக் கட்டடத்துக்குள் நிற்பதில்லை. ரிப்பன் மாளிகைக்கும் சென்ட்ரலுக்கும் நடுவில் இருக்கும் மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கிளம்புகின்றன. 1985இல் தீயில் போன பழைய மூர் மார்க்கெட் இருந்த இடம் அது. கோயம்புத்தூர் வண்டி நிற்கும் நடைமேடையில் நின்றுகொண்டு "ஆவடி வண்டி எப்போ வரும்?" என்று கேட்டு, போர்ட்டர்கள் கை காட்டும் திசையில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களை நான் வாராவாரம் பார்க்கிறேன்.

அது சரி, தாம்பரம் வண்டி ஏன் பீச்லேர்ந்து கிளம்புது, ஆவடி வண்டி ஏன் சென்ட்ரல்லேர்ந்து? எல்லாத்தையும் ஒரே இடத்துல வெச்சிருக்கலாமே?

வெள்ளைக்காரன் காலத்தில் இவை இரண்டு வெவ்வேறு கம்பெனிகள். தெற்கே போகும் தடம் சவுத் இந்தியன் ரயில்வேயினுடையது. அதன் பெரிய நிலையம் எழும்பூர், பாதை மீட்டர் கேஜ், அதாவது குறுகிய தண்டவாளம். மேற்கும் வடக்கும் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே வசம், நிலையம் சென்ட்ரல், பாதை பிராட் கேஜ், அதாவது அகலமானது. தண்டவாளத்தின் அகலமே வேறு என்பதால் ஒரு கம்பெனியின் வண்டி மற்றதன் தடத்தில் ஓடவே முடியாது. 1951இல் எல்லாம் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆன பிறகும் அகல வித்தியாசம் அரை நூற்றாண்டு நீடித்தது.

இன்று எல்லாமே பிராட் கேஜ். பீச்சிலிருந்து ராயபுரம் வழியாக மேற்கு, வடக்குத் தடங்களுக்கும் சில வண்டிகள் போகின்றன. ஆனால் நிலையங்கள் அன்று நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அதனால்தான் ஆவடியிலிருந்து மாம்பலம் வருகிறவர் இன்றும் மூட்டையோடு பார்க் சுரங்கப்பாதையில் இறங்கி ஏறுகிறார்.

இது எப்போ ஆரம்பிச்சது? சுதந்திரத்துக்கு அப்புறமா?

அதற்கு முன்பே. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போனது. அது உள்ளூர் ரயில் இல்லை, தூரப் பயண வண்டி. நாம் பேசுகிற எலெக்ட்ரிக் ட்ரெயின் 1931இல் வந்தது. ஏப்ரல் 2ஆம் தேதி கவர்னர் ஸ்டான்லி தொடங்கிவைத்தார், மே 11இலிருந்து பொதுமக்களுக்காக ஓடியது. பீச் முதல் தாம்பரம் வரை ஏறக்குறைய 29 கிலோமீட்டர். மீட்டர் கேஜில் மின்சார வண்டி இந்தியாவில் அதுதான் முதல்.

அன்றைக்குத் தாம்பரம் பெரிய ஊர் கிடையாது. 1920களில் மாம்பலம் ஏரிப்பக்கம் தியாகராய நகர் உருவாகிக்கொண்டிருந்தது. சைதாப்பேட்டை, கிண்டிக்கு அப்பால் வயலும் ஏரியும்தான். ஜார்ஜ் டவுனில் வேலை, வீடு வெளியே என்ற வாழ்க்கையை இந்தத் தடம்தான் சாத்தியமாக்கியது. மின்சாரத்தை மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷனிடம் விலைக்கு வாங்கி, எழும்பூரிலும் மீனம்பாக்கத்திலும் இருந்த துணைமின் நிலையங்களில் 1500 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றிக் கம்பியில் விட்டார்கள். 1960களில் அது 25,000 வோல்ட் மாறுமின்சாரம் ஆனது. இன்றும் மேலே ஓடும் கம்பியில் அதே 25,000தான். நடைமேடைக் கூரையில் ஏறிப் பட்டம் எடுக்கப் போகிற பையன்களைப் பார்த்தால் தயவுசெய்து அதட்டுங்கள்.

வடக்கும் மேற்கும் ரொம்பத் தாமதம். சென்ட்ரல்–கும்மிடிப்பூண்டி, சென்ட்ரல்–திருவள்ளூர் தடங்களுக்கு மின்சாரமே 1979இல்தான் வந்தது. தென்சென்னை அன்றைக்கே பெற்றதை வடசென்னை கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கழித்துப் பெற்றது. நகரம் தெற்கே மட்டும் ஏன் இவ்வளவு நீண்டது என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்.

மீட்டர் கேஜ் வண்டியில போயிருக்கீங்களா? எப்படி இருக்கும்?

போயிருக்கிறேன். பெட்டி குறுகல். எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்காலோடு முழங்கால் இடிக்கும். நடுவில் ஒருவர் டிபன் கேரியரோடு நின்றுவிட்டால் அவரைத் தாண்டி இறங்குவதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும். 2004இல் அந்த வண்டிகள் நின்றன. அகலப்பெட்டி வந்த முதல் மாதம் எல்லோரும் "எவ்வளவு இடம்!" என்றோம். அந்த இடம் நிரம்ப ரொம்ப நாள் ஆகவில்லை.

ஏர்போர்ட்டுக்கு லோக்கல்ல போக முடியுமா?

தாராளமாக. திரிசூலத்தில் இறங்குங்கள், ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம் விமான நிலையம். மீனம்பாக்கம் என்ற பெயரைப் பார்த்து ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கிவிடாதீர்கள்.

பறக்கும் ரயில் ஸ்டேஷன்லாம் ஏன் அவ்ளோ பெருசா, பேய் பங்களா மாதிரி காலியா கிடக்கு?

கட்டும்போது கணக்கு வேறாக இருந்தது. ஸ்டேஷன் கட்டடத்திலேயே கடைகள், ஆபீஸ்கள் வரும், வாடகையில் செலவை ஈடுகட்டலாம் என்று நினைத்து மாடி மாடியாக எழுப்பினார்கள். வாடகைக்கு ஆள் வரவில்லை. மந்தைவெளியிலோ கோட்டூர்புரத்திலோ மாலை ஏழு மணிக்கு இறங்கிப் பாருங்கள். மேலே நடைமேடையில் நூறு பேர் இருப்பார்கள். படியிறங்கி வந்தால் கிரிக்கெட் ஆடலாம் போல ஒரு கூடம், ஓரத்தில் ஒரே ஒரு டிக்கெட் கவுன்டர், தூங்கும் நாய், பாதி எரியும் குழல்விளக்கு. தனியாக வரும் பெண்கள் அந்த இடத்தை ஓட்டமும் நடையுமாகக் கடப்பதைப் பார்த்திருக்கிறேன். கட்டடத்தைக் குறைத்து, பஸ் நிற்கும் இடத்தைக் கூட்டியிருந்தால் போதும் என்பது என் கட்சி.

தடமும் மெல்ல மெல்லத்தான் வளர்ந்தது. வேலை 1980களில் தொடங்கியது. பீச்–சேப்பாக்கம் 1995 நவம்பரில் திறந்தது, மயிலாப்பூர் 1997இல், திருவான்மியூர் 2004இல், வேளச்சேரி 2007இல். முண்டகக்கண்ணியம்மன் கோயில் ஸ்டேஷன் மட்டும் நடுவில் விட்டுப்போய் 2014இல் சேர்ந்தது. முதல் கட்டச் செலவு முழுக்க ரயில்வேயுடையது. இரண்டாம் கட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை மாநில அரசு கொடுத்தது. நிலம் வாங்குகிற தலைவலியைக் குறைக்கத்தான் பெருமளவு பக்கிங்காம் கால்வாயை ஒட்டியும் அதற்குள்ளேயும் தூண் நட்டார்கள். ரயில் கிடைத்தது, கால்வாய் சாக்கடையாகச் சுருங்கியது. இதில் எது லாபம் என்று மயிலாப்பூர்க்காரர்களிடம் கேட்டால் சண்டை வரும்.

வேளச்சேரிலேர்ந்து பரங்கிமலைக்கு வெறும் அஞ்சு கிலோமீட்டர். அதுக்கா இத்தனை வருஷம்?

அதற்குத்தான். வேளச்சேரியையும் பரங்கிமலையையும் இணைத்தால் பறக்கும் ரயில், தாம்பரம் லைன், மெட்ரோ மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கும். 2008இல் வேலை தொடங்கியது. தூண்கள் எழுந்தன, ஸ்டேஷன் கட்டினார்கள், தண்டவாளத்துக்கான மேல்தளம் போட்டார்கள். ஆதம்பாக்கம் பக்கம் சுமார் 500 மீட்டருக்கு வீட்டுமனைகள் குறுக்கே வந்தன. அரசு தந்த இழப்பீடு போதாது என்று மனைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த அரைக் கிலோமீட்டர் மற்ற நாலரைக் கிலோமீட்டரையும் கட்டிப்போட்டுவிட்டது.

வீடு கொடுக்க மறுத்தவர்களைத் திட்டுவது சுலபம். சென்னையில் மனை விலை ஏறிய வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அவர்கள் நிலைமை புரியும். கேஸ் நடக்க நடக்க விலை ஏறியது, விலை ஏற ஏற கேஸ் நீண்டது. நிலம் கிடைத்து வேலை மறுபடி சூடுபிடித்தது 2020களில்தான். நடுவில் 2024 ஜனவரியில் ஆதம்பாக்கம் பக்கம் பாலத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. நல்லவேளையாக யாருக்கும் அடியில்லை. 2008இல் அந்தப் பக்கம் பிளாட் வாங்கும்போது "ரெண்டே வருஷத்துல ஸ்டேஷன் சார்" என்று புரோக்கர் சொன்னதை நம்பிய என் நண்பரின் மகள் அப்போது பால்வாடி, 2025க்குள் காலேஜ் போய்விட்டாள்.

2023ல பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோட நிறுத்தினாங்களே, ஏன்?

பீச்–எழும்பூர் நடுவே நாலாவது பாதை போடுவதற்காக. தூரம் 4.3 கிலோமீட்டர்தான், ஆனால் கோட்டை, பார்க் டவுன் பக்கம் ஒரு பக்கம் கூவம், மறு பக்கம் சாலை. பறக்கும் ரயில் அங்கே தரையில் ஓடுகிறது, அதன் இடத்தைக் கொஞ்சம் எடுக்காமல் புதுப் பாதை நுழைய முடியாது. 2023 ஆகஸ்ட் 27இல் நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள், 2024 அக்டோபர் 29இல்தான் பீச்சுக்கு வண்டி திரும்பியது. பதினான்கு மாதம் வேளச்சேரி ஆட்கள் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி பஸ்ஸைத் தேடினார்கள். சிலர் அப்போது பைக் வாங்கியவர்கள், இன்னும் திரும்பி வரவில்லை.

நாலாவது பாதை வந்து எனக்கு என்ன ஆச்சு? கூட்டம் குறையலையே. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு வண்டி விடக் கூடாதா?

மேலே சொன்னேன் இல்லையா, நம் வண்டி எக்ஸ்பிரஸ் தடத்தோடு ஒட்டி வளர்ந்தது என்று. முட்டுக்கட்டையும் அங்கேதான் இருக்கிறது. தாம்பரம் வரை உள்ளூர் வண்டிக்கு இரண்டு தனிப் பாதை உண்டு. அதற்கு அப்பால் செங்கல்பட்டு வரை இடம் நெருக்கடி. அங்கே மூன்றாவது பாதையே சில வருடம் முன்புதான் முழுதாகச் சேர்ந்தது. மதுரை, திருச்சியிலிருந்து விடியற்காலை வந்து சேரும் எக்ஸ்பிரஸ்களும் ஆபீஸ் நேரத்து லோக்கல்களும் ஒரே சந்தில் நெருக்குகின்றன. எக்ஸ்பிரஸ் அரைமணி தாமதமாக வந்தால் கூடுவாஞ்சேரியில் நிற்கிற நமக்கும் தாமதம்.

இதனால் பெட்டியைக் கூட்டினார்கள். ஒன்பது பெட்டி வண்டிகள் பன்னிரண்டு ஆயின. பாதை போடுவதைவிட அது எளிது, நடைமேடையை நீட்டினால் போதும். ஆனால் கூட்டம் எப்போதும் படிக்கட்டுக்கு எதிரே நிற்கும் பெட்டியில்தான். மாம்பலத்தில் ரங்கநாதன் தெரு மேம்பாலத்துக்கு நேரே நிற்கும் பெட்டியில் மூச்சு விட முடியாது. கடைசிப் பெட்டிக்கு நடந்து போங்கள், உட்காரவே இடம் கிடைக்கும். இருபத்தைந்து வருட அனுபவத்தில் நான் இலவசமாகத் தரும் ஒரே ரகசியம் இது.

ஃபுட்போர்டுல தொங்குனா என்ன ஆகிடும்? எல்லாரும் தொங்குறாங்களே.

2018 ஜூலை 24 காலை, கம்பி அறுந்ததால் ஒரு லோக்கல் வண்டியை எக்ஸ்பிரஸ் தடத்தில் திருப்பிவிட்டார்கள். பரங்கிமலையில் அந்தப் பக்கம் நடைமேடை ஓரமாகத் தடுப்புச் சுவர் உண்டு. வழக்கமான தடத்தில் அந்தச் சுவர் கிடையாது. தொங்கியவர்கள் அதில் மோதி இறந்தார்கள். தினமும் தொங்கிப் பழகியவர்கள்தான்.

பத்து ரூபாய்ல பீச்லேர்ந்து தாம்பரம். இதுல எப்படிக் கட்டுப்படியாகுது?

கட்டுப்படியாகவில்லை. நாட்டின் ரயில் பயணிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மும்பை, கொல்கத்தா, சென்னை போன்ற ஊர்களின் புறநகர் வண்டிகளில் போகிறவர்கள். பயணிகள் வருமானத்தில் அவர்கள் பங்கு பத்தில் ஒன்றுகூட வராது. சரக்கு வண்டியில் போகும் நிலக்கரிதான் நம் டிக்கெட்டுக்கு மீதிக் காசு போடுகிறது. புதுப் பாதை, புதுப் பெட்டி என்று கேட்டால் ரயில்வே ஏன் யோசிக்கிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். அதற்காகக் கட்டணத்தை ஏற்றச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கிண்டியில் காலை ஆறு மணிக்கு இறங்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கு அந்தப் பத்து ரூபாய் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும்.

அப்போ ஏசி வண்டி யாருக்கு?

2025 ஏப்ரல் 19இல் பீச்–செங்கல்பட்டு ஏசி வண்டி வந்தது. பன்னிரண்டு பெட்டி, நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையின் தயாரிப்பு. குறைந்த கட்டணம் 35 ரூபாய், முழுத் தூரத்துக்கு 105. சாதாரண வண்டியில் குறைந்த கட்டணம் 5 ரூபாய்தான். கதவு தானாக மூடுவதால் மேலே சொன்ன தொங்கும் பிரச்சினை இல்லை. காரையோ டாக்சியையோ விட்டுவிட்டு வருகிறவருக்கு லாபம், பத்து ரூபாய்க்காரருக்கு அது ஒரு வண்டி குறைந்த மாதிரி. மே மாத வெயிலில் ஒருமுறை ஏறினேன். சொர்க்கம்தான், ஆனால் தினசரி நம்மால் முடியாது.

மெட்ரோ கார்டை லோக்கல்ல தட்டலாமா? ஒரே டிக்கெட் வராதா?

மெட்ரோ கார்டு புறநகர் வண்டியில் செல்லாது. அங்கே கவுன்டர் டிக்கெட், எந்திரத்தில் எடுப்பது, செல்போன் டிக்கெட், சீசன் என்று இருக்கிறது. 2025 செப்டம்பரில் "சென்னை ஒன்" என்ற செயலி வந்தது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றையும் ஒரே க்யூஆர் டிக்கெட்டில் எடுக்கலாம். இப்படிப் பல போக்குவரத்தையும் ஒருங்கிணைக்கச் சட்டம் போட்டது 2010இல். மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

டிக்கெட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. முதல் வகுப்புப் பெட்டி பார்ப்பதற்குச் சாதாரணப் பெட்டி மாதிரியேதான் இருக்கும், வெளியே எழுத்து மட்டும் வேறு. ஒருநாள் அவசரத்தில் இரண்டாம் வகுப்பு சீசனோடு அதில் ஏறி, "அப்பா, இன்னைக்குக் காலியா இருக்கே" என்று சந்தோஷமாக உட்கார்ந்தேன். பல்லாவரத்தில் பரிசோதகர் ஏறினார். அபராதம் குறைந்தபட்சம் 250 ரூபாய், கட்டண வித்தியாசம் தனி. தப்பு என்னுடையது, கட்டினேன்.

பறக்கும் ரயிலை மெட்ரோ எடுத்துக்கப் போகுதாமே. டிக்கெட் ஏறிடுமா?

பல வருடப் பேச்சு இது. 2025இல் ரயில்வே வாரியம் கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. மெட்ரோ கைக்குப் போனால் ஸ்டேஷன் சுத்தமாகும், விளக்கு எரியும், பெட்டியும் மாறும். முதல் கேள்வியில் சொன்ன மூன்று பிரிவில் ஒன்று குறையும். ஆனால் இன்று பறக்கும் ரயிலில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் ஐந்து, பத்து ரூபாய் டிக்கெட்காரர்கள். மெட்ரோவில் கட்டணம் 10இல் ஆரம்பித்து 50 வரை போகிறது. திருவல்லிக்கேணி மீன்கூடைக்காரம்மா இப்போது கூடையோடு ஏறுகிற மாதிரி மெட்ரோ வாசலில் பை சோதிக்கும் எந்திரத்தைத் தாண்டி ஏற முடியுமா என்பதுதான் என் சந்தேகம். கட்டணம் தனியாக வைக்கப்படுமா, மூன்றாண்டு கழித்து ஏறுமா என்று ஒப்பந்தத்தில் எழுதுகிற வரிகளைத்தான் பார்க்க வேண்டும். நிலையத்தின் புதுப் பெயின்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கடைசியா ஒண்ணு: ராத்திரி எத்தனை மணி வரைக்கும் வண்டி இருக்கு?

நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும், விடியற்காலை நான்கு மணி வாக்கில் மறுபடி தொடங்கும். நடுவிலுள்ள நேரத்தில்தான் தண்டவாளமும் கம்பியும் சரிபார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பராமரிப்பு என்று வண்டிகளைக் குறைப்பதும் உண்டு, முந்தின நாள் பேப்பரில் வரும். பார்க்காமல் கிளம்பினால் என்னைப்போல ஒரு மணி நேரம் குரோம்பேட்டை நடைமேடையில் கடலை கொறித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.